தடத்தில் சிக்கிய இருக்கை

மலாய் மொழியில் ‘நீண்ட குன்று’ எனப் பொருள்படும் புக்கிட் பாஞ்சாங்கில், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் தந்தையும் மகனும் நிற்கின்றனர். ஓட்டுநர் இருக்கை தன் தடத்தில் சிக்கிக்கொண்டது. வண்டியின் உரிமைச் சான்றிதழ் முடிய ஐந்தே மாதங்கள். “விடுங்கப்பா, போகப்போற வண்டிதானே!” என்கிறான் மகன்.

சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இச்சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கே செல்லும். பணம் கட்டிப் புதுப்பிக்காவிடில் வண்டியின் பதிவை நீக்கவேண்டும். முடிவு நாள் தெரிந்த பொருளுக்கு உழைப்பது வீணன்றோ என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பே.

மகன் கூற்றிலும் நியாயம் உண்டு. மங்கிய வண்ணத்தை விடச் சொன்னால் அது சிக்கனம். ஆயின், இருக்கை நின்றது நெடிய மகனுக்குப் பொருந்திய இடத்தில். குள்ளமான தாயும் அவ்வண்டியை ஓட்டுகிறார். அவர் கால் தடைமிதியை முழுமையாக எட்டவில்லை. சான்றிதழுக்கு ஐந்து மாதம் உண்டு. விபத்துக்கு ஒரு நொடி போதும். தனக்குப் பொருந்தியவனுக்குக் குறை தெரிவதில்லை. பிறர் இடத்தில் அமர்ந்து பார்ப்பதே அறத்தின் தொடக்கம்.

தந்தை இருக்கையை வலிந்து தள்ளவில்லை. தள்ளினால் பூட்டின் பற்கள் உடையக்கூடும். விளக்கொளியில் குனிந்து பார்க்கிறார். காற்றுப்பைக்குச் செல்லும் மின்கம்பியைத் தொடாமல், தடத்தில் செருகிய நாணயத்தைக் குறடால் எடுக்கிறார். இறுகிய பழைய மசகைத் துடைத்துப் புதியது பூசுகிறார். இருக்கை நகர்கிறது.

“அம்மா உட்காருமிடத்தில் நிறுத்து” என்கிறார். பூட்டு விழும் ஓசை கேட்டபின்பே மகன் கையை எடுக்கிறான்.