சிந்திய தானியம்



கோகுலத்தில் பழம் விற்பவளின் குரல் கேட்டுக் குழந்தைக் கண்ணன் இரு கைகளாலும் தானியத்தை அள்ளிக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் சிந்திற்று, கைகளில் எஞ்சியது சொற்பமே. அவளோ அளவு பார்த்தாளில்லை. அக்கைகள் நிறையப் பழங்களை இட்டாள். அவளது கூடை இரத்தினங்களால் நிறைந்தது என்கிறது ஸ்ரீமத் பாகவதம், தசம ஸ்கந்தம்.

குழந்தையின் கையில் அளவு பார்க்கலாகாது என்பதற்கு நம் காலத்திலும் சான்றுண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் தத்தளித்தபோது, பத்து வயதும் நிரம்பாத விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்குவதற்காக நான்கு ஆண்டுகளாய் உண்டியலில் சேர்த்த சுமார் 9,000 ரூபாயை நிவாரணத்துக்கு அளித்தாள். பின்னர் ஒரு நிறுவனத்தார் அவளுக்குச் சைக்கிள் வழங்கினர் என்பது உண்மையே. ஆயினும் கொடுத்த கணத்தில் அதனை அவள் அறியாள். கைம்மாறு கருதாமல், உரிய காலத்தில், உரியவர்க்குக் கொடுப்பதே சாத்விக தானம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் அருளிய இலக்கணம் இதுவன்றோ?

பெரியோராகிய நாம் தேவை போக மிஞ்சியதைக் கொடுக்கிறோம். அவளோ தன் ஆசையையே எடுத்துக் கொடுத்தாள். “உனக்கு வேண்டாமா?” என்று நாம் கேட்கும் ஒரு வார்த்தை, விரிந்த அப்பிஞ்சுக் கையை மூடிவிடும்.

ஆகவே, மாகறலிலிருந்தும் அண்டை கிராமங்களிலிருந்தும் உத்ஸவம் சேவிக்க வந்துள்ள தாய்மார்களே, தந்தைமார்களே! தாகத்தோடு வருவோர்க்கு நீர்மோர் வார்க்கையில், உங்கள் குழந்தையின் கையிலும் ஒரு குவளையைக் கொடுங்கள். சிந்தினால் கடிந்துகொள்ளாதீர்கள். கண்ணன் கையிலும் தானியம் சிந்திற்று.