கரிச்சான் கூட்டும் கூட்டம்

இலங்கையின் தென்மேற்கில் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களையும் தொட்டு நிற்கும் சிங்கராஜ வனம், ஆண்டு முழுவதும் மழை பெறும் தாழ்நிலக் காடுகளுள் அத்தீவில் எஞ்சியவற்றில் மிகப் பெரியது. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இக்காட்டுக்குள் பறவை பார்க்கச் செல்வோர் வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கி, வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொண்டே உள்ளே செல்கின்றனர். அவ்வழிகாட்டிகளுள் பலர் காட்டோரச் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். குடாவ என்னும் ஊர்ப்புறமிருந்து தொடங்கும் அகன்ற பாதை, 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காக மரம் வெட்டி ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கென அமைக்கப்பட்டது என்பதும், பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததால் அந்த வெட்டு அப்பத்தாண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டது என்பதும் இன்று அதில் நடப்போருள் பலர் அறியாத செய்திகள்.

அட்டை ஏறாதவாறு முழங்கால் வரை துணியுறை கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கும் புதியவர் முதலில் அடைவது ஏமாற்றமே. அரை மணி நேரம் நடந்தும் ஒரு பறவை கூடக் கண்ணில் படாமல், இலை சொட்டும் நீரும் சில்வண்டின் இரைச்சலுமே துணையாக வரும் நிலையில், காடு வெறுமையானது என்று அவர் முடிவுகட்டிவிடுவதும் உண்டு. உண்மையில் அங்குள்ள பறவைகளுள் பல, தனித்தனியே சிதறித் திரியாமல், வெவ்வேறு இனங்கள் ஒன்றுசேர்ந்து இரைதேடிக்கொண்டே காட்டினூடே நகர்கின்றன. இவ்வாறு சேர்ந்து செல்வதைப் பல்லினப் பறவைக் கூட்டம் என்று பறவையியலாளர் குறிப்பிடுகின்றனர். சிங்கராஜவில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் பணியாற்றியோரும் 1980கள் முதல் இக்கூட்டங்களை ஆராய்ந்து, ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினொன்று, பன்னிரண்டு இனங்களும் நாற்பதளவில் பறவைகளும் இருப்பதைக் கண்டனர். கூட்டம் வேறிடத்தில் இருக்கும்போது பாதை வெறிச்சோடிக் கிடக்கிறது. அது வந்து சேர்ந்தாலோ, தலைக்கு மேலே செம்முகப் பூங்குயிலும் தீக்காக்கையும் இன்னும் பலவும் ஒரே நேரத்தில் தோன்ற, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் தொலைநோக்கி தடுமாறுகிறது.

இக்கூட்டத்தின் உட்கரு, செம்மஞ்சள் அலகுடைய ஒருவகைச் சிலம்பன். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் புலுனி என்றும் தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்றும் அறியப்படும் பறவையின் நெருங்கிய உறவினம். உறவினரைப் போலவே இதுவும் ஓயாமல் சலசலத்துக்கொண்டு, இலைச் செறிவைக் கிளறியபடி குழுவாகச் செல்வதால், கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கப் பிற பறவைகள் அதைத் தொடர்கின்றன. ஆயினும் கூட்டத்தில் மிகவும் வியப்புக்குரியது, நீண்டு பிளந்த வாலும் நெற்றிக் கொண்டையும் உடைய கரிச்சானே. வல்லூறு தென்பட்டால் முந்திக்கொண்டு எச்சரிப்பது இப்பறவைதான். பிற இனங்களின் குரல்களைப் போலவே குரலெழுப்பவும் அது வல்லது. அக்குரல்களைப் பதிவுசெய்து ஒலிபரப்பிப் பார்த்த ஆய்வில், கரிச்சானின் சொந்தக் குரலை மட்டும் கேட்டபோது வந்ததைவிட, அது பிறவற்றைப் பாவனை செய்யும் ஒலி கலந்திருந்தபோது அதிகப் பறவைகள் நெருங்கி வந்தன. தனக்கு வேண்டிய கூட்டத்தை அது குரலாலேயே கூட்டிக்கொள்கிறது என்று கருத இதுவே அடிப்படை. பசிக்கும் பாதுகாப்புக்கும் ஒன்று மற்றொன்றின் ஓசையை நம்பி வாழும் இவ்வேற்பாட்டில், செவிகொடாத பறவைக்கு இடமில்லை.

வழிகாட்டியின் திறமையும் செவியில்தான் இருக்கிறது. பாதையின் நடுவே அவர் திடீரென்று நின்று, கையை மட்டும் சற்றே உயர்த்தி, தலையை ஒருபுறம் சாய்க்கும்போது, பின்னால் வருவோர் கேட்பது வெறும் இரைச்சல். அவரோ அதனுள் சிலம்பனின் சலசலப்பைப் பிரித்தறிந்து, கூட்டம் எந்தச் சரிவில் இறங்கி எங்கே பாதையைக் கடக்கும் என்று கணித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, சிற்றுண்டிப் பொட்டலத்தைச் சரசரவென்று பிரிப்பதும், கைப்பேசியில் உரக்கப் பேசுவதும் அவருடைய ஆயுட்கால உழைப்பை அவமதிப்பதாகும். அதனினும் கொடிது, பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதனை வெளியே இழுக்கும் வழக்கம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்ததாக நம்பி இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும் பறவையைப் படமெடுத்துக்கொள்வதில் பெருமைகொள்ள ஒன்றுமில்லை. கரிச்சானின் பாவனையும் ஏமாற்றே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் கரிச்சான் அழைத்த பறவைகளுடன் இருந்து காவலும் காக்கிறது.

பொறுமையாகக் கேட்பதன் பயனுக்கு இந்நாட்டிலேயே சான்றும் இருக்கிறது. 1995இல் கித்துல்கல பகுதிக் காட்டில் இரவில் ஒலித்த, எப்பறவையினது என்று விளங்காத ஒரு மெல்லிய குரலைத் தீபால் வரகாகொட என்னும் பறவையியலாளர் கேட்டார். 2001இல் சிங்கராஜவில் அக்குரலுக்குரிய சிறிய செந்நிற ஆந்தையை அவர் கண்ணால் கண்டார். 2004இல் அது அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஆறாண்டுகள் குரலாக மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த ஆந்தையைத்தான், இன்று பலர் வாயிலில் இறங்கியதும், வழிகாட்டி கால்துணியைக் கட்டி முடிக்கும் முன்பே, எந்தப் புதரில் உறங்குகிறது என்று உரத்த குரலில் விசாரிக்கிறார்கள்.