ஓட்டுகிறவனுக்கு மிஞ்சிய இடம்

கட்டைவண்டிக்காரர்களிடம் இரண்டு நல்ல சொற்கள் உண்டு: முன்பாரம், பின்பாரம். மூட்டை முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையைத் தள்ளி வைப்பார். அல்லது தாமே நகர்ந்து உட்கார்ந்து சரிக்கட்டுவார். காவிரிக்கரை நெல்லெல்லாம் மாட்டுவண்டியில் போன காலத்தில் மாட்டின் கழுத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தது. வண்டிக்காரரின் முதுகுக்கு என்ன சொல் இருந்தது? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பழைய வண்டிகள் சேர்க்கும் நண்பர் ஒருவரின் கொட்டகையில், இரண்டாம் உலக யுத்தத்து ராணுவ லாரி ஒன்றில் ஏறி உட்கார்ந்தபோது இந்த யோசனை மறுபடி வந்தது. கனடாவில் போர்டு, செவர்லே இரண்டு கம்பெனிகளும் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு நாலு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த ரகம் அது. கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்று மூக்கைக் குட்டையாக்கினார்கள். மூக்கு குட்டையானால் எஞ்சின் எங்கே போகும்? டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. போர்டு எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர், 95 குதிரைச் சக்தி, உடம்பும் அகலம். அது விஸ்தாரமாக உட்கார, டிரைவர் காலைக் குறுக்கிக்கொண்டார். சூடு வேறு.

பின்பக்கத்தைப் பார்த்தால் தாராளம்! சாமானுக்கு ஒரு கூடு, தண்ணீருக்குத் தொட்டி, ரேடியோவுக்கு அறை, காயம்பட்டவனுக்குப் படுக்கை, பீரங்கி இழுக்க ஒரு தினுசு, ரிப்பேர் பட்டறைக்கு ஒரு தினுசு. இந்தியாவில் அதே போர்டு அடிச்சட்டத்தின்மேல் எஃகுத் தகடு போர்த்திக் கவச வண்டிகளும் செய்தார்கள். சுமைக்குத் தக்கபடி உடம்பு மாறிக்கொண்டே இருந்தது. முன்னால் இருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆள் நெட்டையானால் என்ன, தொப்பையானால் என்ன?

அநியாயமாகவும் பேசக்கூடாது. முதல் இரண்டு கூண்டுகளும் நெருக்கடி என்று தெரிந்தபின், 13 என்ற எண்ணுள்ள கூண்டில் காலுக்குக் கொஞ்சம் இடம் விட்டார்கள். அதன் முன்கண்ணாடி தலைகீழாக, மேல்விளிம்பு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். வெயில் கண்ணைக் கூசாது. ஆகாய விமானத்துக்குக் கண்ணாடியின் மினுமினுப்பும் தெரியாது. டிரைவரின் கண்ணுக்காக மட்டுமென்றால் அந்தச் சரிவை வைத்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

யுத்தத்தில் அவசரம் என்று சமாதானம் சொல்லலாம். அமைதிக் காலத்தில்? நம் ஊரில் வெகுகாலமாக லாரி வாங்குவதென்றால் அடிச்சட்டமும் எஞ்சினும் வாங்குவதுதான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் புழுதியும் முகத்தில் அடிக்க, ஒரு மனுஷன் அதை நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டி வருவான். அங்கே தச்சரும் கொல்லரும் சேர்ந்து கூண்டு கட்டுவார்கள். 1961-ல் வந்த மோட்டார்த் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி வேலை என்று நேரத்தை அளந்தது. உட்காரும் இடத்தின் வெப்பத்தைச் சர்க்கார் கவனிக்க வெகுநாளாயிற்று. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கூண்டில் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதித்தது.

“குளுகுளுவென்று இருந்தால் தூங்கிவிடுவான் சார்” என்றார் எனக்குத் தெரிந்த லாரி முதலாளி ஒருவர். அவர் கார் வைத்திருக்கிறார். காரில் குளிர்சாதனம் உண்டு, அவர்தான் ஓட்டுகிறார். தமக்கு வராத தூக்கம் பிறத்தியானுக்கு மட்டும் வரும் என்று எப்படித் தீர்மானித்தார்? ஒருவன் படும் கஷ்டத்தை அவனுடைய ஜாக்கிரதைக்கு மருந்தென்று சொல்லுவது வெகு சுலபம். மருந்து சாப்பிடுகிறவன் வேறு ஆளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் மனசு வரவில்லை. குறுவை அறுப்பு சமயத்தில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நாற்பது கிலோ மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த டிரைவரிடம், “சீட்டு வசதியா இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“சீட்டை விடுங்க சார்” என்று எழுந்து மேற்கே பார்த்தார். “மழை வருது. தார்ப்பாய் ஒண்ணு பத்தாது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூட்டைகளின்மேல் ஏறப் போய்விட்டார்.