வழி கொடுத்தவர்களை மறவாதிருங்கள்



கலிபோர்னியாவின் தென்பாகத்திலே, பாலைவனத்திலிருந்து மேற்கே கடற்கரைச் சீமைக்கு ஏறிப்போகும் மலைக் கணவாய் ஒன்று உண்டு. 1774-ம் ஆண்டு ஆன்ஸா என்னும் ஸ்பானியத் தளபதி அதைக் கடந்து, அர்ச். கார்லோஸ் கணவாய் என்று பேரிட்டார். வழி கண்டவர் என்று சரித்திரம் அவரைப் புகழ்கிறது. ஆனால் அவருக்கு வழி காட்டியவர் செபஸ்தியான் தராபால் என்னும் பூர்வகுடி மனிதர். முந்தின வருஷம் அதே பாலைவனத்தில் தம் மனைவியைப் பறிகொடுத்தவர்.

1775-ம் ஆண்டு அக்டோபரில், ஏறக்குறைய 240 பேரை அழைத்துக்கொண்டு ஆன்ஸா மறுபடியும் புறப்பட்டார். அவர்களிலே சிறு பிள்ளைகள் மாத்திரம் நூற்றுக்கு மேல். முதல் இரவிலேயே ஒரு தாய் பிரசவத்தில் மாண்டாள். குளிராலும் தாகத்தாலும் மாடுகள் விழுந்து செத்தன. திருநாளுக்கு முந்தின இரவு, கணவாயின் அடிவாரத்திலே கெர்த்ரூதிஸ் லினாரெஸ் என்பவளுக்குப் பிரசவ வேதனை கண்டது. சாவுக்கு அஞ்சி நடுங்கிய அவளுக்குப் பேத்ரோ போந்த் என்னும் பிரான்சிஸ்கு சபைக் குருவானவர் தைரியம் சொன்னார். நள்ளிரவுக்குச் சற்று முன் ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் திவ்விய பூசை நடந்தது. குழந்தை சால்வதோர், அதாவது இரட்சகர், என்ற பேரோடு ஞானஸ்நானம் பெற்றது. அதற்கு அடுத்த நாள் தாயும் சேயும் கணவாய் ஏறினார்கள். 1776-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி எல்லாரும் சான் காபிரியேல் மடத்தைச் சேர்ந்தார்கள். வழியில் இறந்தவள் அந்த முதல் தாய் ஒருத்தியே.

இத்தனை பேர் பிழைத்தது எப்படி? கணவாய்க்கு முன்னே கொலராடோ என்னும் பெரிய ஆறு குறுக்கிடுகிறது. அங்கே குடியிருந்த யூமா மக்களும் அவர்கள் தலைவர் பால்மாவும் இவர்களைச் சிநேகிதராக ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் வயலில் விளைந்ததைக் கொடுத்தார்கள். ஆற்றைக் கடக்கவும் கைகொடுத்தார்கள். பால்மா 1777-ல் மெக்சிக்கோ நகரத்தில் ஞானஸ்நானமும் பெற்றார்.

பின்பு நடந்ததைக் கேளுங்கள். ஸ்பானியர் அம்மக்களின் நிலத்திலே குடியேறினார்கள். நல்ல நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மாடுகள் யூமா மக்களின் பயிரை மேய்ந்தன. வாக்களித்த உதவி வந்து சேரவில்லை. 1781-ம் ஆண்டு ஜூலை மாதம் யூமா மக்கள் திரண்டு எழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அம்மக்களை நேசித்து அவர்கள் நடுவே தனியாக நடந்து திரிந்த கார்செஸ் சுவாமியாரும் கொலையுண்டார். அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்துவதில்லை. ஆனால் அநியாயம் விதைக்கப்பட்டால், விதையாதவனும் சேர்ந்து அறுக்க நேரிடுகிறது. அன்று அடைபட்ட வழி பல்லாண்டுகள் திறக்கவேயில்லை.

கிறிஸ்தவர்களே, மலை பெயர்ந்து விழுந்து அவ்வழியை அடைக்கவில்லை, நன்றிகேடு அடைத்தது. ‘ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்?’ என்ற பழமொழி நமக்குத் தெரியாததா?

உங்கள் குடும்பத்தை ஆறு கடத்தி விட்டவர்கள் யார்? மகள் கலியாணத்துக்குப் பத்திரமில்லாமல் பணம் கொடுத்தவர், பேறுகாலத்தில் இரவெல்லாம் கண்விழித்த அண்டை வீட்டுக்காரி, பிள்ளையைப் படிக்க வைத்த தமையன். இவர்களோடு இன்று பேச்சுவார்த்தை உண்டா? உங்கள் மாடு அவர்கள் பயிரை மேய்கிறதா? கொடுத்த வாக்கு நிற்கிறதா?

திருநாள் நெருங்குகிறது. குடில் கட்டுமுன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுமுன், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போங்கள். கடனைக் கொடுங்கள், அல்லது தவணை கேளுங்கள், அதுவுமில்லையேல் மன்னிப்பாவது கேளுங்கள். பெத்லெகேமில் இடமின்றி நின்ற திருக்குடும்பம், நீங்கள் திறந்துவிடும் அந்த வழியாகவே உங்கள் வீட்டுக்கு வரும். ஆமென்.