பணப்பை யார் கையில்?



நமதாண்டவரும் அவருடைய பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஊர் ஊராய் நடந்து போதித்த காலத்தில் அவர்களுக்குப் பொதுவான ஒரு பணப்பை இருந்தது. இதை நாம் அதிகமாய் நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு வரவு எங்கிருந்து வந்தது என்பதை அர்ச். லூக்காஸ் 8-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்: மரிய மதலேனம்மாளும், ஏரோதின் காரியஸ்தனுடைய மனைவியும், வேறு பல ஸ்திரீகளும் தங்கள் சொந்தப் பொருளிலிருந்து உதவினார்கள். செலவு என்ன என்பது அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் தெரிகிறது. கடைசி இராப்போசனத்தில் யூதாஸ் எழுந்து வெளியே போனபோது, திருநாளுக்கு வேண்டியதை வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்கு ஏதோ கொடுக்கப் போகிறான் என்று மற்றவர்களில் சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஆக, திருநாள் செலவு ஒன்று, தர்மம் ஒன்று. இவ்வளவு பந்தியிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று. அந்தப் பையிலிருந்து அவன் எடுத்துக்கொண்டிருந்தான் என்று அதே சுவிசேஷகர் 12-ம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்ட பதினொரு நல்ல மனிதர்கள் அன்றிரவுகூட அவனைச் சந்தேகிக்கவில்லை! எப்படித் தெரியாமற் போயிற்று? பை ஒருவன் கையில் இருந்தது. அதிலே என்ன விழுந்தது, என்ன போயிற்று என்று மற்றவர்கள் கேட்டதாக எங்கும் காணோம்.

உடனே, "சாமி நம்மை யூதாஸ் என்று சொல்ல வருகிறார்" என்று இந்தத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். நான் திருட்டைப் பற்றிப் பேச வரவில்லை. கேட்காமலிருப்பதைப் பற்றியும் சொல்லாமலிருப்பதைப் பற்றியும்தான் பேச வருகிறேன்.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் கணக்குத் தெரியாதவன் யார்? விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் என்ன நடக்கிறது? டீசலுக்கு இவ்வளவு, ஐஸ் கட்டிக்கு இவ்வளவு, சாப்பாட்டுச் சாமானுக்கு இவ்வளவு என்று முதலில் செலவைக் கழித்து, மீதியைப் பேசின விகிதப்படி பங்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். படகு முதலாளி, "மொத்தம் எவ்வளவு என்று உனக்கெதற்கு? கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ" என்று சொன்னால், மறுநாள் அந்தப் படகில் யார் ஏறுவார்கள்? ஆனால் அதே மனுஷன் பங்குப் பணம் 4,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி கையில் 2,500 ரூபாயைக் கொடுத்து, மொத்தம் எவ்வளவு என்று சொல்லாமல் சட்டையைக் கழற்றி மாட்டுகிறான். அவளும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை. அவளும் ஒன்றும் சொல்வதில்லை. மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு, மகளிர் குழுவில் தவணை எவ்வளவு என்று சொன்னால் அதற்கும் சண்டை. குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கையெழுத்துப் போடுகிறவள், வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைப்பதில்லை. படகில் பங்காளிக்கு உள்ள உரிமை, மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தால் ஒரே மாமிசமாய்ச் சேர்க்கப்பட்டவர்களுக்கு இல்லையா?

நான் முன்பு இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்லுகிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல. அறைவீட்டுத் திண்ணையில் அவர்களே சொல்லி, மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் சாமி என்று உத்தரவு கொடுத்தது. மகளுடைய பள்ளிக்கூடப் பணத்துக்கும் புதுநன்மை உடுப்புக்குமாக அந்தத் தாயார் தன் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து 60,000 ரூபாய் வாங்கினாள். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. கழுத்தில் அதே மாதிரி கவரிங் சங்கிலி ஒன்றைப் போட்டுக்கொண்டாள். புருஷனுக்குத் தெரியாது. அதே சமயத்தில் அவன், தன் தம்பியின் வைத்தியத்துக்காகத் தண்டல் வாங்கினான். பெயருக்கு 10,000 ரூபாய். கையில் வந்தது 8,500. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்று முடியுமுன் அடுத்தது, இப்படி நான்கு முறை. மனைவிக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். அடகுக்கு மாதம் 1,200 ரூபாய் வட்டி. இரண்டு வருஷத்தில் 28,800. தண்டலில் போனது 6,000. தண்டல் சின்னத் தொகை என்று ஏமாந்து போகாதீர்கள். நாளுக்கு நாள் திருப்பிக் கட்டுகிறதால் முழுப்பணம் ஒருநாளும் நம் கையில் நிற்பதில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறுக்கும் மேலே வட்டி. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே மறைக்கிற கடனைச் சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தச் சங்கிலியை இருவரும் கலந்து பேசி ஒரு வங்கியில் வைத்திருந்தால், வட்டியில் பாதிக்குமேல் மிச்சமாகியிருக்கும், தண்டலே வேண்டியிருக்காது. சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்று கடிதாசி வந்த பிறகுதான் இருவரும் என்னிடம் வந்தார்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இருவரையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்து அவன் கடனை அவளும் அவள் கடனை அவனும் வாசித்தார்கள். அந்தப் பெண் அழுதாள். சங்கிலிக்காக அழவில்லை. "இரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்து இந்த மனுஷன் தூங்காமலிருந்ததற்கு நான் வேறே காரணம் நினைத்தேனே, சாமி" என்றாள்.

இருவரில் யார் கெட்டவர்? ஒருவருமில்லை. ஒருவரை ஒருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்றே மறைத்தார்கள். அன்பினால் மறைத்தாலும் வட்டி ஏறாமல் இருப்பதில்லை.

"சாமி, மாதச் சம்பளக்காரனுக்கு மாதக் கணக்குச் சரி, கடலை நம்பியிருக்கிற எங்களுக்கு ஏது மாதம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டே! கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது. முன்பு 45 நாளாயிருந்த தடை 2017 முதல் 61 நாள். தடை முடிகிற ஜூன் மாதமே பள்ளிக்கூடம் திறக்கிறது. ஜூலை 26-ல் பனிமய மாதாவுக்குக் கொடியேற்றம்; ஆகஸ்ட் 5-ல் திருநாள். உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுபோகும். இதிலே எந்த ஒன்று நமக்குத் தெரியாமல் வருகிறது? ஒவ்வொரு வருஷமும் திடீரென்று வந்துவிட்டாற்போல் அல்லவோ அடகுக்கடைக்கு ஓடுகிறோம்!

ஒரு வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடைக் காலம் இரண்டு மாதத்துக்கு 30,000 வேண்டும். கடலுக்குப் போகிற பத்து மாதத்தில் மாதம் 3,000 ஒதுக்கினால் அது சேர்ந்துவிடும். அதாவது அந்தப் பத்து மாதமும் 18,000 வர வேண்டும்; அதில் ஆறில் ஒரு பங்கைத் தொடக் கூடாது. அரசாங்கம் தருகிற தடைக்கால உதவியும், பெண்கள் மீன் விற்றுக் கொண்டுவருகிறதும் இருந்தால் இன்னும் சுலபம். பாடு நன்றாயிருக்கிற வாரத்தில் கூடுதலாயும், ஒன்றும் படாத வாரத்தில் குறைவாயும் எடுத்து வைக்கலாம். எடுத்து வைத்ததை மாத்திரம் எழுத மறக்காதீர்கள். அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே தொடர் வைப்பு ஏற்றுக்கொள்ளுகிறார்கள். ஆனால் அது ஐந்து வருஷத்துக்கான கணக்கு. மாதந்தவறாமல் கட்ட வேண்டியது. தடைக் காலத்துக்கென்று சேர்க்கிற பணத்தைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போடுவதே உத்தமம்.

"சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. பார்த்துக்கொள்வார்தான். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்குமுன் நம் ஆண்டவர் அர்ச். பிலிப்புவைப் பார்த்து எங்கே வாங்கலாம் என்று கேட்டார். அவரும் கணக்குப் போட்டு, இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் போதாது என்றார். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக இருநூறு நாள் கூலி. கணக்குப் போட்டதற்காக ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. புதுமை முடிந்த பிறகும் மிச்சத் துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. இல்லாததிலிருந்து உண்டாக்க வல்லவரே மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னார் என்றால், நாம் எம்மாத்திரம்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்துவிட்டு முதல் முதலாய் ஒரு சின்னப் பங்குக்கு வந்தபோது எனக்குச் சிமிட்டி மூட்டை விலை தெரியாது. தேவமாதாவுக்கு ஒரு கெபி கட்ட வேண்டும் என்று அஸ்திவாரம் போட்டு, பாதிச் சுவர் எழுப்பினேன். பணம் தீர்ந்துவிட்டது. இரண்டு வருஷம் அந்தச் சுவரில் ஆடு ஏறி நின்றது. கோபுரம் கட்டத் துவங்குகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் காண்கிறவர்கள் நகைப்பார்கள் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை (லூக்காஸ் 14-ம் அதிகாரம்) நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! ஒரு நாள் உபதேசியார் அந்த ஆட்டைக் காட்டி, "சாமி, உவமைக்கு உதாரணம் வெளியே நிற்கிறது" என்றார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன்.

திருநாள் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஞானஸ்நானத்துக்குப் பந்தல், புதுநன்மைக்கு நகை, கலியாணத்துக்குக் கடன் என்று வந்து நிற்கிறவர்களிடம் நான் ஒன்றையே கேட்பேன்: திவ்விய பாலனைத் தேவாலயத்தில் காணிக்கையாய் ஒப்புக்கொடுத்தபோது தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் என்ன கொண்டுபோனார்கள்? வசதியுள்ளவர்கள் ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும், இல்லாதவர்கள் இரண்டு புறா கொடுத்தால் போதும் என்பது பழைய ஏற்பாட்டின் சட்டம். அவர்கள் கொடுத்தது ஏழைகளின் காணிக்கை. உலக இரட்சகருக்கே புறாக் காணிக்கை போதுமாயிருந்தது. நம் பிள்ளைக்கு மாத்திரம் பிரியாணி அண்டா எத்தனை என்று ஊர் பார்க்கிறதாம்! நம் கோயில் வரிக்கும் இதுவே சட்டம். கடன் வாங்கி வரி கட்ட வேண்டாம். இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். கமிட்டியாரிடம் நான் பேசிக்கொள்ளுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டில் எழுதினால் இல்லாத பணம் வந்துவிடாது. 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதின நிருபத்தில், தொழிலாளி சிக்கனமாயிருந்து கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்று சொல்லுமுன், குடும்பத்தைக் காக்கப் போதுமான கூலி அவனுக்கு வர வேண்டும் என்று சொன்னார். நம் பங்கில் கூலி போதாத வீடுகள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து, "கணக்கு எழுதவில்லை, அதனால்தான் கஷ்டம்" என்று யாரும் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் போதாத வீட்டுக்குத்தான் நோட்டு முதலில் வேண்டும். போதவில்லை என்பதை எண்ணிக்கையோடு சொல்லத் தெரிந்தால், கேட்க வேண்டியவரிடம் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

எழுதுகிற விதம் பெரிய வித்தையல்ல. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, தேதி, அவ்வளவே. முதல் மாதம் எதையும் குறைக்கப் பார்க்காதீர்கள், உள்ளதை எழுதுங்கள். வெற்றிலை, சிகரெட்டுக்கு நாளுக்கு 40 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 14,600 ரூபாய் என்று நோட்டே சொல்லும். நான் சொல்ல வேண்டியதில்லை. மதுக்கடைச் செலவையும் எழுத வேண்டும், 'இதர செலவு' என்று போடக் கூடாது. இப்போது பலர் கைப்பேசியைக் காட்டிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது உண்டாகிற உறுத்தல் அதில் இல்லை. ஆனால் கொடுத்ததெல்லாம் தேதியோடு அதிலேயே கிடக்கிறது. சனிக்கிழமை இரவு ஜெபமாலை முடிந்தபின் பிள்ளை ஒன்று வாசிக்க, தாயாரோ தகப்பனோ எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் மாதம் முதல், என்ன வரும், எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதுங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு அறை, சீரகத்துக்கு ஒரு அறை இருக்கிறாப்போல. ஒன்று குறைந்து இன்னொன்றிலிருந்து எடுக்க நேர்ந்தால், இருவரும் பேசியே எடுக்க வேண்டும்.

நோட்டு அலமாரிக்குள் பூட்டி வைக்கிற பொருளல்ல. பீடத்தண்டை வையுங்கள், இருவர் கைக்கும் எட்டட்டும்.

நம் கோயிலின் சென்ற மாத வரவு செலவு, மெழுகுதிரிச் செலவு உட்பட, இன்று முதல் கோயில் வாசற்பலகையில் ஒட்டியிருக்கும். படித்துப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியார் அறையில் நாற்பது பக்க நோட்டுகள் இலவசமாய்க் கிடைக்கும். புருஷனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்க வேண்டும். கடலுக்குப் போனவர்களுக்காகத் திங்கட்கிழமை மாலையும் உபதேசியார் இருப்பார். தனியாய் வருகிறவரை, மற்றவரையும் அழைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சேசுவுக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு