வயதின் பெயரால்

அறுபதைக் கடந்தவர் திடீரெனச் சினக்கிறார். காலையில் கண்ட திருப்பலியை மாலையில் மறக்கிறார். ‘வயதாகிவிட்டது’ என்று தீர்ப்பிட்டுப் பொறுத்துக்கொள்கிறோம். அப்பொறுமை மட்டும் அன்பாகிவிடுமா?

எல்.ஜி.ஐ.1 மூளையழற்சி என்னும் அரிய நோயும் இவ்வாறே தோன்றும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்களே மூளை நரம்பணுக்களின் இணைப்பிலுள்ள எல்.ஜி.ஐ.1 புரதத்தைத் தாக்குகின்றன. 2010-இல் இவ்வுண்மை வெளிப்பட்டது. முகமும் கையும் ஒருபுறமாக, நொடிப்பொழுது, நாளுக்குப் பலமுறை வெட்டியிழுப்பது பலரிடம் முன்னறிகுறி. காலத்தே ஸ்டீராய்டு முதலிய மருந்தளித்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர். தாமதித்தால் நினைவிழப்பு நிலைத்துவிடலாம்.

ஆகவே, பொறுத்துக்கொள்வது அன்பின் பாதியே. காரணத்தைத் தேடுவது மறுபாதி. தேடியும் நினைவு திரும்பாதவர் உண்டு. அவர்தம் மாண்போ குறைவதில்லை. அது அவர் நினைவில் அன்று, அவரை மறவாத இறைவனில் வேரூன்றியது.