அயலவர் ஆசானாவது எப்போது?

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மண். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகின்ற இந்நாளிலும், அங்குள்ள பள்ளிக்குப் பணி நியமனம் பெற்றுச் செல்லும் சமவெளி ஆசிரியர் முதல் சில திங்கள் தம்மை வேற்று நாட்டவராகவே உணர்கிறார். காற்று வேறு, உணவு வேறு, பேச்சின் ஓசை வேறு. நாமக்கல்லிலிருந்து செல்பவருக்கே இந்நிலை என்றால், கடல் கடந்து வந்தவரின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

இக்கேள்விக்கு விடையாக வாழ்ந்த இருவர் இதே மலையின் வாழவந்தி நாட்டில் இருந்தனர். இங்கிலாந்து நாட்டவரான ஜெசி பிராண்ட், அவர்தம் துணைவியார் எவலின் ஆகியோரே அவர்கள். இருவரும் பாப்டிஸ்ட் சபையினர். நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் 1913-ல் மணமுடித்து இம்மலையைத் தம் இல்லமாக்கிக் கொண்ட அவர்களின் வாழ்வு, நம் எல்லோருக்கும் பொதுவான ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது. பிறர் மண்ணுக்குச் சென்று பிறர்க்குக் கற்பிக்கும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது?

கற்பிக்க வருபவர் எவராயினும், 'நீ அறியாததை நான் அறிவேன்' என்னும் எண்ணத்தோடுதான் வருகிறார். அதில் உண்மையும் உண்டு. ஆணவத்திற்கு இடமும் உண்டு. ஆட்சி செய்யும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் மக்களிடையே ஆசானாக வரும்போது அந்த ஆபத்து இரு மடங்காகிறது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆகவேதான் வாய் திறப்பதற்கு முன் தமிழும் வடமொழியும் கற்கும் மாணவராக அமர்ந்தார். வீரமாமுனிவரும் அவ்வழியே சென்றார். கற்காதவன் கற்பிக்க இயலாது என்பது நம் மறைபரப்பு வரலாறு நமக்குத் தரும் முதற்பாடம்.

ஜெசி பிராண்ட் கட்டடத் தொழில் அறிந்தவர். ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். மலை மக்களை அக்காலத்தில் வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. தோலைத் துளைத்து வெளிவரும் நீண்ட புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுக்க வேண்டும். அந்நோய் பரவும் வழியோ மிக எளியது. புண்ணுள்ள காலோடு ஒருவர் நீரில் இறங்குகிறார். புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகளின் உடலில் தங்குகின்றன. அந்நீரைப் பருகுபவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புழு வெளிப்படுகிறது. இதனை நூறு முறை சொல்லியும் பயனில்லாமற் போகலாம். ஜெசி பிராண்ட் நல்ல கிணறுகள் தோண்டவும், எவரும் நீரில் இறங்காதவாறு அவற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும் வழிகாட்டினார். பாடம் கல்லாக நின்றது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, ஒரு மலைக் கிணற்றடியில் அப்பாடம் தொடங்கிவிட்டது.

ஆயினும் மக்கள் மனம் உடனே திறக்கவில்லை. மலைப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1918-ல் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் மலையையும் எட்டியது. பூசாரியும் அதற்கு ஆளானார். அச்சத்தால் பிறர் ஒதுங்கிய வேளையில், வெள்ளைக்காரத் தம்பதியர் கஞ்சியோடு வீடு வீடாகச் சென்றனர். உயிர் பிரியும் தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். இதனை ஒரு மதத்தின் வெற்றியாக நாம் எண்ணிவிடலாகாது. ஒரு தந்தை, தம் பிள்ளைகளை யாரை நம்பி விட்டுச் செல்லலாம் என்று தேடியபோது, எதிரியின் முகத்தில் அந்த நம்பிக்கையைக் கண்டார். ஆசான் என்னும் பட்டத்தை அயலவருக்கு அவர்தம் படிப்பு வழங்கவில்லை. அந்த வீட்டு வாசல் வழங்கிற்று.

இத்துடன் நிறுத்தினால் இது புகழுரையாகிவிடும். அவர்தம் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. 1914-ல் பிறந்து இம்மலையில் வளர்ந்த அவர்களின் மகன் பால், ஒன்பதாம் வயதில் தங்கையோடு படிப்புக்காக இலண்டனிலுள்ள உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். பிறகு அவன் தந்தையைக் காணவேயில்லை. 1929-ல் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். செய்தி தந்தி வழியே விரைந்து சென்றது. அவர் முன்னரே எழுதியிருந்த கடிதங்களோ கப்பலில் மெல்லச் சென்று, இறப்புச் செய்திக்குப் பின்னர் மகனை அடைந்தன. பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையானவர், தம் பிள்ளைக்குக் கடிதமாகிப் போனார். இது சரியா?

சரி என்று எளிதில் சொல்ல என் மனம் இடந்தரவில்லை. அம்மகன் பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றார் என்பது உண்மையே. ஆனால் நல்விளைவு ஒன்றைக் காட்டி ஒரு குழந்தையின் கண்ணீரைக் கணக்குத் தீர்த்துவிட முடியுமா? அந்தக் கடன் கடனாகவே நிற்கிறது.

ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இன்றும் மலைச் சிறார் பலர் கல்விக்காகத் தாயைப் பிரிந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் உறங்குகின்றனர். அவர்தம் மொழியையும் உணவையும் விழாக்களையும் விட்டு, நம் பாடத்தை நோக்கி நடந்து வருகின்றனர். கல்வி கொடுக்கிறோம் என்று நாம் பெருமை கொள்கிறோம். அதற்கு அக்குழந்தை தரும் விலையை எண்ணுகிறோமா? தாமும் அவ்விலையைத் தந்தறிந்த ஆசிரியரே, மாணவன் தரும் விலையை மதிக்க வல்லவர். தாம் எதையும் இழக்காமல் பிறரை இழக்கச் செய்யும் கல்வி, எவ்வளவு உயர்ந்ததாயினும், அயன்மைத் தன்மை நீங்காதது.

கொல்லிமலை மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறுகின்றனர். ஆக, இம்மலையில் எல்லோரும் ஒருநாள் ஏறி வந்தவர்களே. யார் தங்கினார்கள் என்பதே கேள்வி. எவலின் அம்மையார் கணவரை இழந்த பின்னும் தமிழகத்திற்குத் திரும்பினார். எழுபதை எட்டிய வயதில், பணி ஓய்வு பெற்ற பின்னர், மீண்டும் மலையேறினார். 1974-ல், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமாகி, கொல்லிமலையில் தம் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் இல்லங்களிலும் ஆசிரியர் உள்ளனர். சிலர் மலைக்கும், சிலர் வெளிமாநிலங்களுக்கும், சிலர் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர். 'எப்போது மாற்றல் கிடைக்கும்?' என்பது இயல்பான கேள்வியே. அதனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அங்குள்ள காலம் வரையேனும், அவ்வூர்க் குழந்தையின் தாய் எந்த அடுப்பில் என்ன சமைக்கிறாள் என்பதைக் கேட்டறிய முற்படலாமன்றோ? அங்கிருந்தே பாடம் தொடங்குகிறது.